படிக்காத நாலு மாசம்

— சும்மா சொல்லு மகளே, வந்துடுச்சா இல்லையா? காலையில இருந்து போனைக் கையிலயே வச்சுக்கிட்டு இந்த மோட்டார் கொட்டகையில நிக்கிறேன். பர்னாலாவுல இருந்து லட்டு வரவழைச்சாச்சு.

— அங்கிள், லட்டை யாருக்கும் குடுத்துடாதீங்க.

— ஏன், உனக்கு அனுப்பணுமா? கனடாவுல, அதுவும் பிராம்ப்டன்ல கிடைக்காத லட்டா நவ்ரீத்! எங்க ஊரை விட அங்கதானே நம்ம பஞ்சாபி ஆளுங்க ஜாஸ்தி.

— பர்மிட் இல்லைன்னுட்டாங்க.

— என்னது? இரு, மோட்டாரை நிறுத்துறேன். ஒண்ணும் காதுல விழலை... ம், இப்பச் சொல்லு. யாரு இல்லைன்னது?

— கவர்மெண்டுதான். நேத்து பதில் வந்துச்சு. படிச்சு முடிச்சவங்களுக்குக் குடுக்குற வேலை பர்மிட்டுக்கு எனக்குத் தகுதி இல்லையாம்.

— தகுதி இல்லையாமா! எல்லாப் பரீட்சையும் பாஸ் பண்ணின பொண்ணு நீ. அவனுங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?

— பாஸ் பண்ணினது மட்டும் பத்தாது அங்கிள். ஒரு செமஸ்டர்கூட விடாம முழு நேரமாப் படிச்சிருக்கணும். நான் ஒண்ணை விட்டுட்டேன்.

— அப்படிச் சொல்லு. நாலு காசு வருதுன்னு வேர்ஹவுஸுக்கு ஓடிட்டியா? அங்க போற பசங்க எல்லாரும் பண்ற அதே கூத்து! என் மூத்தவ கிரண் போன பிறகு நீதான் எனக்கு மூத்த பொண்ணுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இங்க இருந்தே காதைத் திருகி காலேஜுக்கு அனுப்பியிருக்க மாட்டேனா? உங்க அப்பன் இதை எப்படித் தாங்குவான்?

— அப்பாகிட்ட இன்னும் சொல்லலை.

— எப்போ விட்டே?

— அதை விடுங்க அங்கிள்.

— எப்போன்னு கேக்குறேன்ல?

— முந்தின வருஷக் குளிர்ல. ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும்.

— ஜனவரியில நீ இங்கதானே இருந்தே.

— ஆமா.

— கிரணோட உடம்பைப் பெட்டியில வச்சுக் கொண்டுக்கிட்டு வந்தே. எங்க வீட்டுலதானே இருந்தே.

— ஆமா அங்கிள்.

— வாஹேகுரு! வாஹேகுரு! நானா உன்னைத் திட்டினேன்? என் வாயை எதால அடிச்சுக்கிறது?

— அதனாலதான் சொல்ல வேணாம்னு பார்த்தேன்.

— காலேஜ்ல சொல்லிட்டு வரலையா நீ?

— அன்னைக்கு எனக்குக் கை எது கால் எதுன்னே தெரியலை. ஒரு வாரத்துல திரும்பிடுவோம்னு நினைச்சு பிளேன் ஏறிட்டேன். எழுதிக் குடுத்து லீவு வாங்கியிருந்தா தப்பிச்சிருக்கலாம்னு வக்கீலம்மா இப்பச் சொல்றாங்க. அப்போ யாருக்கு அதெல்லாம் தோணும்?

— கடைசிப் பிரார்த்தனை முடிஞ்ச மறுநாளே நீ பையைத் தூக்கினே. உன் ஆன்ட்டிதான் போக விடலை.

— நான் பக்கத்துல உக்காந்தாத்தான் அரை ரொட்டியாவது சாப்பிட்டாங்க. எப்படி அங்கிள் விட்டுட்டுக் கிளம்புறது? 'இன்னும் ரெண்டு நாள், இன்னும் ரெண்டு நாள்'னு கடுகு அறுவடையே முடிஞ்சுபோச்சு.

— அவளை மட்டும் சொல்லாதே. நானும்தான் இருக்கச் சொன்னேன். துக்கம் கேக்க வர்ற பொம்பளைங்க ஆயிரம் கேப்பாளுங்க. அங்க அவகூட ஒரே வீட்டுல தங்கியிருந்த நீ சொன்னாத்தான் நம்புவாளுங்கன்னு...

— சொன்னேனே. தூக்கத்துலயே இதயம் நின்னுடுச்சுன்னு வந்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். ஆன்ட்டிகிட்டயும் அதையேதான் சொன்னேன்.

— உன் கடனை நான் எந்த ஜென்மத்துல தீர்க்கப் போறேனோ. சரி, இப்ப என்ன வழி? வழி இல்லாம இருக்காது.

— மறுபடி பாருங்கன்னு ஒரு மனு போடலாம். அதுக்கு உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்களும் ஆன்ட்டியும் நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்டு எழுதித் தரணும்.

— அட, இவ்வளவுதானா! நாளைக்கே டவுனுக்குப் போறேன். 'எங்க பொண்ணு இறந்துட்டா, இந்தப் பிள்ளை எங்களுக்குத் துணையா இருந்தா'ன்னு...

— அது போதாது. சாவுன்னா ஒரு வாரம் இருந்தாப் போதுமே, நாலு மாசம் எதுக்குன்னு கேப்பாங்களாம். கிரண் எப்படிப் போனாங்கிறதை எழுதணும். அவ தன் கையாலயே உயிரை மாய்ச்சுக்கிட்டா, பெத்தவங்க நிலைகுலைஞ்சு கிடந்தாங்கன்னு எழுதணும். இங்க போலீஸ்ல குடுத்த காகிதத்தையும் அனுப்பணும்.

— மெதுவாப் பேசு.

— ஏன், பக்கத்துல யாராவது இருக்காங்களா?

— யாரும் இல்லை. இருந்தாலும் மெதுவாப் பேசு. அந்த நோட்டரி யாருன்னு தெரியுமா? எங்க ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர், அந்த சர்பஞ்சோட மச்சான். காலையில கையெழுத்துப் போட்டா, சாயங்காலம் குருத்வாரா வாசல்ல அதான் பேச்சு. அடுத்த மாசம் சின்னவ மன்வீருக்கு நிச்சயம் வச்சிருக்கு. அக்கா அப்படிப் போனவள்னு தெரிஞ்சா பையன் வீட்டுல தங்கச்சியை எடுப்பாங்களா?

— தெரியும் அங்கிள்.

— அது கிடக்கட்டும். இந்த இடம் போனா வேற இடம். உன் ஆன்ட்டிக்கு நான் என்ன சொல்லுவேன்? வலியே இல்லாம, தூங்கிக்கிட்டே போனாங்கிறதை நம்பித்தான் அவ இன்னைக்கும் எந்திரிச்சு அடுப்பைப் பத்த வைக்கிறா. அதையும் பிடுங்கச் சொல்றியா?

— எனக்கு மட்டும் ஆசையா? கதவை உடைச்சு உள்ளே போனது நான். பெட்டியில வச்சுக் கொண்டு வந்தது நான். அவங்க மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொன்னதும் நான். எல்லாம் உங்களுக்காகத்தான் செஞ்சேன். அடுத்த மாசம் இந்த நாட்டை விட்டுப் போன்னு சொல்றாங்க. ஒரு கையெழுத்துக் கேட்டா நான் கொடுமைக்காரியா?

— அழாதே மகளே. வண்டிச் சத்தம் கேக்குது, ரோட்டுல நின்னுக்கிட்டு அழாதே. நீ கேக்குறது நியாயம். எனக்குத்தான் தைரியம் வரலை. நான் மட்டும் போட்டா ஆகாதா? அவளுக்குத் தெரியவே வேணாம்.

— ரெண்டு பேரும் போடணும்.

— அப்போ முடியாதும்மா. என்னை அடி, திட்டு, எது வேணும்னாலும் பண்ணு. அவகிட்ட மட்டும் என்னால... யாரது? நீ எப்ப வந்தே?

— டீ ஆறிப்போற அளவுக்கு நேரமாச்சு. போனைக் குடுங்க.

— லைனே சரியில்லை. அப்புறம் பேசிக்கலாம், நீ வீட்டுக்குப் போ.

— குடுங்கன்னா குடுங்க. நவ்ரீத், ஆன்ட்டி பேசுறேன். நாளைக்குக் காலையில நோட்டரிகிட்டப் போறோம். நானும் கையெழுத்துப் போடுறேன்.

— ஆன்ட்டி, நீங்க இப்பக் கேட்டது... ஐயோ, நான் வேணும்னு...

— புதுசா ஒண்ணும் கேக்கலை. எடுக்கறதுக்கு முன்னாடி அவளைக் குளிப்பாட்டினது யாரு? நான்தானே. துணியை விலக்கினதுமே தெரிஞ்சுபோச்சு, தூக்கத்துல போன உடம்பு இல்லைன்னு.

— அன்னைக்கேவா! வாஹேகுரு, நீ என்கிட்ட ஒரு வார்த்தை...

— நீங்க சும்மா இருங்க.

— அப்போ ஏன் ஆன்ட்டி தினமும் என்னையே கேட்டுக்கிட்டு இருந்தீங்க? 'எப்படிப் போனா, எப்படிப் போனா'ன்னு?

— ஏன் அப்படிப் பண்ணிக்கிட்டா, கடைசியா என்ன பேசினா, எல்லாம் தெரிஞ்சவ நீ ஒருத்திதானே. இன்னைக்குச் சொல்லுவே, நாளைக்குச் சொல்லுவேன்னுதான் உன்னைப் போக விடாம வச்சிருந்தேன். முதல் நாளே வாயைத் திறந்திருந்தா, மறுநாளே உன்னைப் பிளேன் ஏத்தி விட்டிருப்பேன் மகளே.