ஆறு மீட்டருக்குள்

முதலாவது கோலுக்குப் பிறகா, இரண்டாவது கோலுக்குப் பிறகா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. உதைபந்தாட்டம் நான் பார்ப்பதில்லை. 2006ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஜெர்மனி சுவீடனோடு விளையாடிய சனிக்கிழமை, மாலை ஐந்து மணி கடந்து சில நிமிடங்கள். எல்லா யன்னல்களிலிருந்தும் ஒரே நேரத்தில் ஆரவாரம் எழுந்தது. அது எத்தனையாவது ஆரவாரம் என்பதில் மட்டும் என் ஞாபகத்தை நான் நம்பவில்லை. மற்றவை எல்லாம் என் குறிப்புப் புத்தகத்தில் இருக்கின்றன.

மதிப்புக்குரிய பிரிங்க்மன் அம்மையாரே, இதைத் தமிழில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். உங்கள் பணிமனைக்கு நான் எழுதிய பதினொரு கடிதங்களும் பிழையற்ற ஜெர்மன் மொழியில் இருந்தன. நீங்களே ஒருமுறை அதைப் பாராட்டியிருக்கிறீர்கள். பன்னிரண்டாவதற்கு எனக்கு அந்த மொழி வரவில்லை. நீங்கள் ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டியிருக்கும். வுப்பர்டாலில் இந்த வேலையை ஒழுங்காகச் செய்யக்கூடியவன் நான் ஒருவன்தான் என்பது உங்களுக்குச் சிரமம் தரலாம்.

சில வருட இடைவெளிக்குப் பிறகு, சென்ற வாரம் உங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் தெருவில் நிறுத்தப்பட்டிருந்த படகு ட்ரெயிலர் பற்றிய முறைப்பாட்டில் மேலும் சேர்க்க ஏதும் உண்டா, இல்லையென்றால் கோப்பை மூடிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். சேர்க்க ஒரு விஷயம் இருக்கிறது. குறையோடு மூடப்படும் கோப்புகள் எனக்குப் பிடிக்காது.

எங்கள் தெருவை நீங்கள் வந்து பார்த்திருக்கிறீர்கள். இந்த நகரத்தின் மற்றத் தெருக்களைப் போல அதுவும் ஒரு மலைச்சரிவு. கீழே பஸ் தரிப்பிடம், மேலே பழைய தேவாலயம், நடுவில் எங்கள் வீடு. வீட்டுக்கு எதிரே வெள்ளைக் கோட்டால் பிரித்த வாகனத் தரிப்பிடங்கள். ஆறு மீட்டருக்கு உட்பட்ட ட்ரெயிலர்களை அங்கே நிறுத்தலாம் என்று ஒரு பலகை. நான் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறேன். வாசிக்கிறேன். நாட்கணக்காக ஒருவரோடும் பேசாமல் இருக்க எனக்கு முடியும், அது நல்லதும்கூட. ஆனால் இந்த ஊர்த் தமிழர்கள் என்னை அப்படி விடுவதில்லை. ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் வந்தால் உடனே என்னிடம் ஓடிவருவார்கள். இருபது வருடம் இங்கே இருந்தும் குப்பை எடுக்கும் அட்டவணையை வாசிக்கத் தெரியாதவர்கள். நான் வாசித்துச் சொல்வேன். பதிலும் எழுதிக் கொடுப்பேன்.

ஆனந்தராசா 1995இல் முதலாம் மாடிக்குக் குடிவந்தார். மனைவி மகாதேவி, எட்டு வயது மகள் கவிசா. முதல் நாளே படியில் மறித்து, "அண்ணை, நீங்கள் ஊரிலை எவடம்?" என்று கேட்டார். சொன்னேன். முறைக்கு நானும் கேட்டேன். அவர் சொன்னார். எங்கள் ஆட்களுக்கு அந்த ஒரு கேள்வி போதும், அம்மையாரே. அவருடைய தகப்பனும் பாட்டனும் கடலுக்குப் போனவர்கள். இரண்டாவது கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை.

நான் அவரிடம் ஒரு நாளும் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. மகாதேவி சமைத்துக் கொடுத்தனுப்பும் பாத்திரங்களைக் கழுவித்தான் திருப்பிக் கொடுத்தேன். உள்ளே இருந்ததை என்ன செய்தேன் என்பது உங்கள் பணிமனைக்குத் தேவையில்லாதது.

2005 வசந்த காலத்தில் அவர் ஒரு படகு வாங்கினார். ஓய்வுபெற்ற ஒரு ஜெர்மன்காரரிடமிருந்து, ட்ரெயிலரோடு சேர்த்து. பகல் முழுவதும் உணவகத்தில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து, அதற்கு நீலம் பூசினார். பூசி முடித்த நாள் தெருவில் நின்று என் யன்னலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"விமலண்ணை, ஒருக்கா இறங்கி வாங்கோவன். வந்து பாத்திட்டுப் போங்கோ."

இறங்கிப் போனேன். எவ்வளவு நீளம் என்று கேட்டேன்.

"ஐஞ்சு எண்பது. பலகையிலை ஆறு எண்டுதானே கிடக்கு? நான் அளந்து பாத்துத்தான் வாங்கினனான். ஒருத்தரும் வாய் திறக்க ஏலாது."

மகாதேவி வாசற்படியில் நின்றபடி சொன்னார்: "கடல் இல்லாத ஊரிலை வள்ளம் வாங்கின ஒரே மனிசன் இவர்தான் அண்ணை. குளிக்கிற தொட்டியை நிரப்பி விடுறன், அதுக்குள்ளை ஓடுங்கோ எண்டனான்."

"அவ இப்பிடித்தான் சொல்லுவா. முதல் நாள் ஆர் ஏறிக் குந்தப் போறது எண்டு பாப்பம்" என்றார் அவர்.

இருவரும் சிரித்தார்கள். நடுத்தெருவில், எல்லா யன்னல்களுக்கும் கேட்க. நான் மேலே வந்துவிட்டேன்.

அந்தப் படகில் ஒரு மீன்கூட ஏறியதில்லை. அவர் அதை ஏரிக்குக் கொண்டுபோய், மனைவியை வைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கொண்டுவருவார், அவ்வளவுதான். ஆனாலும் யன்னலைத் திறந்தால் எனக்கு வாடை வந்தது. எங்கெங்கோ அலைந்து, எதையெல்லாமோ விட்டு, ஒரு ஒழுங்கான நாட்டில் ஒரு ஒழுங்கான தெருவுக்கு வந்து சேர்ந்த ஒருவனின் யன்னலுக்கு எதிரே அது நின்றது. ஜெர்மன்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு என்னையும் பார்ப்பார்கள். நாங்கள் எல்லாரும் ஒன்று என்று நினைப்பார்கள். அவர்களுக்கு எங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

நான் சட்டத்தைப் படித்தேன். முதற் கடிதம் நீளம் பற்றியது. உங்கள் அலுவலர் வந்து அளந்து, ஐந்து மீட்டர் எண்பது என்று எழுதினார். அவர் போன பிறகு நான் மூன்று தரம் அளந்தேன். ஐந்து எண்பதுதான். அடுத்த கடிதங்கள் இரண்டு வார விதி பற்றியவை. காரில் கொழுவாத ட்ரெயிலர் இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கக்கூடாது. உங்கள் அலுவலர்கள் செய்வது போலவே, சில்லில் காற்றடிக்கும் வால்வு, கடிகார முள்ளைப் போல, எந்த மணியில் நிற்கிறது என்று நான் தினமும் குறித்துவைத்தேன். நாலு மணி, நாலு மணி, நாலு மணி. பதின்மூன்றாம் நாள் ஆனந்தராசா ஒரு வான் வண்டியைக் கொண்டுவந்து கொழுவி ஏரிக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது வால்வு ஒன்பதில் நிற்கும்.

விதி அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நீங்கள் யோசித்திருக்கலாம். நான்தான் சொன்னேன். உங்கள் பணிமனை அவருக்கு அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தையும் அவர் என்னிடம்தான் கொண்டுவந்தார்.

"ஆரோ ஒரு வெள்ளை எங்களிலை எரிச்சலிலை எழுதிக்கொண்டிருக்குது அண்ணை. நல்ல காலம் நீங்கள் இருக்கிறியள்."

நான் அவருக்கு வாசித்துச் சொன்னேன், ஒரு சொல்லையும் மறைக்கவில்லை. உங்கள் கோப்பில் அவருடைய பெயரில் இருக்கும் பதில்களும் நான் எழுதியவைதான். அவையும் பிழையற்றவை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

பதினோராவது கடிதத்துக்கு நீங்கள் எழுதிய பதிலில், வாகனம் வெள்ளைக் கோட்டைத் தாண்டி நின்றாலொழிய நடவடிக்கைக்கு இடமில்லை என்றிருந்தது. அது ஒரு நியாயமான வாக்கியம். பலமுறை வாசித்தேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் ஏரியிலிருந்து மூன்று மணிக்கு வந்தார். படகின் நுனியில் ஒரு ஜெர்மன் கொடி கட்டியிருந்தது. அதையும் என்னால் சகிக்க முடியவில்லை. தரிப்பிட வரிசையின் கடைசியில், சரிவின் பக்கமாக ட்ரெயிலரை விட்டார். கை பிரேக்கை இழுத்தார். இரண்டு சில்லுகளுக்கும் மஞ்சள் கட்டை முட்டுக்கொடுத்தார். காலால் இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். நான் யன்னலில் நின்றேன். அவர் கையசைத்துவிட்டு உள்ளே போனார், மகளோடு ஆட்டம் பார்க்க.

நான் நினைத்தது இதுதான்: ஒரு சாண். ஒரு சாண் உருண்டால் ட்ரெயிலர் கோட்டைத் தாண்டும். படம் எடுக்கலாம். ஐந்து மணிக்குத் தெருவில் ஒரு குஞ்சும் இருக்கவில்லை. நான் புத்தகப் பையோடு இறங்கினேன்.

ஒரு சாண் உருட்ட நினைப்பவன் கட்டைகளை ஒரு சாண் தள்ளி வைப்பான் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதை யோசித்திருக்கிறேன். நான் அவற்றைத் தள்ளி வைக்கவில்லை. இரண்டையும் எடுத்துப் பைக்குள் போட்டேன். பிறகு பிரேக்கில் கை வைத்தேன்.

மகாதேவி முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தவர். சனிக்கிழமைகளில் ஐந்து ஒன்பது பஸ்ஸில் வந்து இறங்குவார். நடைபாதையைக் குப்பைத் தொட்டிகள் அடைத்திருப்பதால் தெருவிலேயே ஏறி வருவார், தலையைக் குனிந்து, இரண்டு கையிலும் பையோடு.

அவர் வந்ததை நான் கண்டேன். ட்ரெயிலர் முதலில் மெதுவாகத்தான் போனது. கூப்பிட நேரம் இருந்தது. ஆனால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பதினொரு வருடம் என்னை அண்ணை என்று கூப்பிட்டவர். மற்றவர்களாக இருந்தால் பதிலுக்குத் தங்கச்சி என்பார்கள். நான் அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்தச் சொல் என் வாயில் இருக்கவில்லை. வேறு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போது எல்லா யன்னல்களிலிருந்தும் அந்த ஆரவாரம் எழுந்தது.

பொலிஸ் வந்தபோது, வழமைபோல என்னைத்தான் மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். ஆனந்தராசா நடைபாதை விளிம்பில் குந்தியிருந்தார். கட்டைகள் எங்கே என்று பொலிஸ் கேட்டது. தெருவில் கட்டைகள் இல்லை.

"வைச்சனான்" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அண்ணை, நான் வைச்சனான்தானே? நீங்கள் யன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். சொல்லுங்கோ அண்ணை."

நான் ஒன்றும் சொல்லவில்லை. மௌனம் எனக்கு எப்போதும் இலகுவானது. நான் அவருடைய கண்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பொய் சொல்பவன் அப்படிப் பார்க்க மாட்டான். அவர் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பக்கத்தில் கவிசா நின்றது. அதுவும் பார்த்தது.

"அப்ப நான் வைக்கேல்லைப் போலை" என்றார் அவர். "மட்ச்சுக்குப் பிந்தீடும் எண்ட அவசரத்திலை மறந்திட்டன்."

அதை நான் பொலிசுக்கு ஜெர்மன் மொழியில் சொன்னேன். ஒரு சொல்லைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பின்னர் நீதிமன்றத்திலும் அவர் அதையே சொன்னார். அங்கேயும் நான்தான்.

ஆரம்பத்தில் ஒரு சந்தேகம் சொன்னேன். இதை எழுதும் நேரத்தில் பழைய பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். முதலாவது கோல் நாலாவது நிமிடம். இரண்டாவது பன்னிரண்டாவது நிமிடம். பஸ் ஐந்து ஒன்பதுக்குத்தான் வரும். ஆகவே அது இரண்டாவது கோல். நான் இறங்கிய நேரம் குறிப்புப் புத்தகத்தில் ஐந்து மணி என்றிருக்கிறது. முதலாவது கோலின்போது கட்டைகள் என் பையில் இருந்தன, என் கை பிரேக்கில் இருந்தது, தெரு வெறுமையாக இருந்தது. நான் எட்டு நிமிடம் காத்திருந்திருக்கிறேன். இதைத்தான் கோப்பில் சேர்க்க வேண்டும்.

மகாதேவி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்தார். ஆனந்தராசாவுக்குக் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்காக ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. அவர் கெல்சென்கிர்ச்சனில் ஒரு தனி அறையில் இருக்கிறார், வேலைக்குப் போவதில்லை, சில வேளைகளில் எனக்கு ரெலிபோன் எடுத்து, நான் வைச்சனானோ என்று கேட்பார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். கவிசா தாதியாகப் படித்து முடித்துவிட்டது, தகப்பனோடு பேசுவதில்லை. படகை உடைத்து இரும்புக்குக் கொடுத்தார்கள். மஞ்சள் கட்டைகள் இரண்டும் என் புத்தகத் தட்டில், புத்தகங்கள் சரியாமல் இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து நிற்கின்றன. நான் நலமாக இருக்கிறேன்.

அந்தத் தரிப்பிடத்தில் இப்போது நாலாம் மாடி ஜெர்மன்காரரின் சுற்றுலா வண்டி நிற்கிறது. வெள்ளை நிறம், சமையலறையும் கட்டிலும் உள்ள பெரிய ட்ரெயிலர். அதன் பின்பக்கம் கோட்டைத் தாண்டித்தான் நிற்கிறது. அவர் நல்ல மனிதர். அதன் நீளத்தை நான் அளக்கவில்லை.