மசக்கை அடுப்பு

சந்தனக்கனிக்கு இரண்டு பிள்ளை நிற்கவில்லை. முதலாவது மூன்றாம் மாதம் போனது. இரண்டாவது நாலாம் மாதம். நடந்தது இதுதான். உச்சுக்கொட்டுகிறவர்கள் கொட்டி முடியுங்கள், மேலே சொல்கிறேன்.

தேரி என்கிற செம்மணல் மேடு இன்னும் மேற்கே கிடந்த காலம். காற்று அதை இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு வரவில்லை. அப்போது முள்ளிவிளை என்று ஒரு ஊர். முப்பது வீடு. வீட்டை எண்ணிவிடலாம், பனையை எண்ண முடியாது. ஆண்கள் பனையேறுவார்கள். பெண்கள் பதநீர் காய்ச்சுவார்கள். காய்ச்சுகிற ஓலைக் குடிசைக்கு விடிலி என்று பேர். விடியும்போது பதநீர் வந்து சேரும். அகலத் தாச்சியில் ஊற்றி அடுப்பேற்றினால், உச்சி தாண்டித்தான் பாகு திரளும். சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. ஊர் பிழைத்தது அதில்தான்.

அந்த ஊரில் ஒரு சட்டம் இருந்ததாம். காய்ச்சுகிறவள் கண் விழித்ததிலிருந்து பாகு இறங்குகிற வரைக்கும் எதுவும் தின்னக்கூடாது. தின்றவள் மூச்சுப் பட்டால் பாகு இளகிவிடும், கருப்பட்டி உறையாது. ஒரு விடிலியில் இளகினால் அடுத்த விடிலிக்கும் தொற்றும். பாகு கிண்டுகிற துடுப்பு நிற்கக்கூடாது, வாய் அசையக்கூடாது. யார் வைத்த சட்டம் என்று யாரும் கேட்கவில்லை. மாமியார் கிடந்தாள் பட்டினி, மருமகளும் கிடந்தாள்.

சந்தனக்கனி அந்த ஊருக்கு வாழ வந்தவள். புருசன் சுயம்பு. இருபத்தெட்டுப் பனை ஏறுவான். நல்லவன்தான், ஆனால் கள்ளு என்றால் கண் சொருகும். மாமியார் பேர் அன்னத்தாய். வாய் பெரிய வாய். அவள் வாயைத் திறந்தால் பனையில் இருக்கிற காக்கா அடுத்த பனைக்குப் போகும் என்பார்கள். ஆனால் மருமகள் பேரில் உயிர். அதை வெளியே காட்டமாட்டாள். "ஏட்டி, எலும்புக்கூடு" என்றுதான் கூப்பிடுவாள்.

இரண்டு பிள்ளை போனதும் ஊர் மருந்தோடு வந்தது. ஒருத்தி வேப்பங்கொழுந்தை அரைத்துக்கொண்டு வந்தாள். ஒருத்தி கயிறு மந்திரித்து வந்தாள். பக்கத்து விடிலிக்காரி பிச்சைக்கனி, "அமாவாசைக்கு அமாவாசை பேதிக்குக் குடுங்க மைனி. வயித்துல அழுக்கு. கழுவி விட்டாத்தான் பிள்ளை தங்கும்" என்றாள். குடித்தாள் சந்தனக்கனி. பேதியானது. அழுக்கும் போனது, பெலமும் போனது. மூன்று அமாவாசையில் சேலை இடுப்பில் நிற்காமல் ஆனதாம்.

அதைப் பார்த்துத்தான் அன்னத்தாய் ஐந்து கல் நடந்து போய் மாடத்தியைக் கூட்டிவந்தாள். மாடத்தி பிள்ளை எடுக்கிற மருத்துவச்சி. நான்கு ஊருக்கு அவள்தான்.

மாடத்தி வந்தாள். சந்தனக்கனியின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். நகத்தைப் பார்த்தாள். நாக்கைப் பார்த்தாள்.

"காலையில என்ன திங்க?"

"காய்ச்சுத நாள்ல ஒண்ணும் திங்கமாட்டேன் அக்கா."

"மத்தியானம்?"

"பாகு இறங்கினப்புறம் கஞ்சி. எல்லாரும் குடிச்சு மிஞ்சினது."

மாடத்தி அன்னத்தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"உனக்கு எத்தனை பிள்ளை?"

"ஒண்ணு. சுயம்பு."

"நின்னதைக் கேக்கல."

அவ்வளவு பெரிய வாய்க்குக் குரல் இறங்கியது. "நாலு போச்சு. அஞ்சாவதுதான் இவன்" என்றாள்.

"நீயும் பட்டினியோடத்தான் காய்ச்சினே?"

"ஆமா."

"அதனாலதான் போச்சுன்னு நான் அடிச்சுச் சொல்லமாட்டேன். பிள்ளை போறதுக்குப் பத்துக் காரணம் இருக்கும், பாதி எனக்கே தெரியாது. ஆனா வத்தின உடம்புல இன்னொரு உசிரை வச்சா அது எதைத் தின்னும்? பேதி மருந்தைத் தூக்கி எறி. மூணு மாசம் இவ உடம்பைத் தேத்து. அப்புறம் பிள்ளையைப் பத்திப் பேசு."

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. பனையேற்றம் இல்லாத மாதங்கள். மாடத்தி சொன்னபடி அன்னத்தாய் உளுந்தங்களி கிண்டினாள். தோலோடு உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய். நாள் விட்டு நாள் முருங்கைக்கீரை. கடலோரம் போய் மீன் வாங்கி வந்தாள். நெல்லிக்காயைக் கையில் திணித்தாள். வெயில் தாழும்வரை படுக்கச் சொன்னாள். எல்லாம் திட்டிக்கொண்டேதான்.

"தின்னுட்டி எலும்புக்கூடு. உனக்காகவா கிண்டுதேன்? சட்டி காலியா கெடக்கேன்னு கிண்டுதேன்."

"போதும் அத்தை."

"போதும்னு சட்டி சொல்லணும், நீ சொல்லக்கூடாது."

சுயம்பு சிரித்தான். பார்க்க வந்திருந்த மாடத்தி அவனையும் விடவில்லையாம். "நீ என்ன பல்லைக் காட்டுத? பாதிப் பிள்ளை உன்னுது. கள்ளை விடு. பொகையிலையை விடு. நீயும் களி தின்னு." சிரிப்பு நின்றது. சரி என்று தலையாட்டினான். ஆட்டத்தான் ஆட்டினான்.

தை மாதம் சந்தனக்கனிக்கு நாள் தள்ளியது. மாசிக் கடைசியில் பனையேற்றமும் தொடங்கியது, மசக்கையும் தொடங்கியது. கண் விழித்தால் வாந்தி. பதநீர் கொதிக்கிற வாடை பட்டால் வாந்தி. வெறும் வயிற்றில் வாந்தி வந்தால் என்ன வரும்? மஞ்சள் தண்ணீர்தான் வரும். தேற்றின உடம்பு திரும்பக் கரைந்தது. அன்னத்தாய் மறுபடியும் ஐந்து கல் நடந்தாள்.

மாடத்தி சொன்னாள்: "கண்ணு முழிச்சதும் எந்திரிக்க விடாதே. படுக்கையிலேயே ரெண்டு வாய் பொரி மெல்லட்டும். செத்த நேரம் கழிச்சு எந்திரிக்கட்டும். ஒரேயடியாத் திங்கவேண்டாம், கொஞ்சங்கொஞ்சமா நாலஞ்சு தரம். குமட்டினா இஞ்சியும் கருப்பட்டியும் தட்டிப்போட்ட தண்ணி, அதுவும் ஒரு சிரட்டைக்கு மேல வேண்டாம். எலுமிச்சங்காயை மோந்து பாக்கட்டும். வயிறு காயக்கூடாது, அவ்வளவுதான். தண்ணியே தங்கலைன்னாலோ, ரத்தம் பட்டாலோ, கசாயம் வச்சுக்கிட்டு உக்காராதே. என்னைக் கூப்பிடு."

அங்கேதான் சிக்கல். பொரி தின்றால் சட்டம் போச்சு. தின்னாவிட்டால் பிள்ளை போச்சு.

அன்னத்தாய் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாளாம். வீட்டுக்கு வரும்போது ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். பொரி சோறா? இல்லை. ஊதினால் பறக்கும். காற்றைத் தின்பது தின்பதில் சேராது. மருமகளின் முந்தானையில் ஒரு பிடி பொரியை முடிந்துவிட்டாள்.

"யாருக்கும் தெரியாம மெல்லு. கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்."

நான்கு நாள் நன்றாகப் போனது. வாந்தி பாதியானது. முகத்தில் ரத்தம் வந்தது. ஐந்தாம் நாள் பாகு திரளவில்லை. காய்ச்சினாள், காய்ச்சினாள், சவ்வு மாதிரி இழுத்தது. சிரட்டையில் ஊற்றினார்கள், உறையவில்லை.

பிச்சைக்கனி எட்டிப் பார்த்தாள். அடுப்போரத்தில் இரண்டு பொரி கிடந்தது. போதாதா?

"தின்னிருக்கா! ஏளா, வந்து பாருங்களா! விடிலிக்குள்ள உக்காந்து தின்னிருக்கா!"

முப்பது வீடும் வந்தது. ஆளாளுக்குக் கத்தினார்கள். எங்கள் பாகு என்ன ஆகும், எங்கள் வருசம் என்ன ஆகும்? கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள்: தின்றவள் மூன்று நாள் முழுப்பட்டினி கிடக்கவேண்டும். மூன்றாம் நாள் அடுப்பை விழுந்து கும்பிடவேண்டும். அதுவரை அந்த விடிலியில் தீ மூட்டக்கூடாது.

"அவ மாசமா இருக்கா" என்றாள் அன்னத்தாய்.

"எங்க பொம்பளைங்க மாசமா இருக்கலையா? கெடக்கலையா?" என்றார்கள்.

அன்னத்தாய் பொரி கொடுத்தது நான்தான் என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை. தின்றது யார் என்பதுதான் அவர்களுக்குக் கணக்கு. சந்தனக்கனி பயந்துவிட்டாள். தன்னால் மாமியாருக்குப் பேச்சு, தன்னால் ஊருக்குக் கேடு. "நான் கெடக்கேன் அத்தை" என்று போய்ப் படுத்துக்கொண்டாள். அன்னத்தாய் களியை உருட்டி வாயருகே கொண்டுபோனாள். உதட்டை இறுக்கிக்கொண்டாள். பொழுது சாயும்போது மறுபடி மஞ்சள் தண்ணீர். ராத்திரிக்குள் எழுந்து உட்கார முடியவில்லை.

சுயம்பு வாசலில் நின்றான். உள்ளே வரான், வெளியே போகான். அன்னத்தாய் பார்த்தாள்.

"என்னலே?"

"எம்மா."

"சொல்லித் தொலை."

"அவ தின்னதுல பாகு இளகல. ஒரு கலயத்துக்கு நான் சுண்ணாம்பு தடவல."

இது தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பனையில் கட்டுகிற கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் புளித்துக் கள்ளு. கள்ளு கலந்தால் பாகு எந்தக் காலத்திலும் உறையாது. இவன் தனக்கென்று ஒரு கலயத்தை ஒதுக்கியிருக்கிறான். அவசரத்தில் அதுவும் தாச்சிக்குள் போய்விட்டது.

அன்னத்தாய் துடுப்பை எடுத்தாள். சுயம்பு ஓடினான். அவள் துரத்தினாள். பனைக்குப் பனை ஒரு அடி விழுந்ததாம். "மூதி! மாசக்காரி பட்டினி கெடக்கா, உனக்குக் கள்ளா கேக்குது!" என்று ஊரைச் சுற்றி அடித்தாள். அடிபட்டுக்கொண்டே அவனும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று உண்மையைச் சொன்னான். நம்பவில்லை. "பொஞ்சாதியைக் காப்பாத்தப் பொய் சொல்லுதான்" என்று கதவைச் சாத்தினார்கள்.

அன்னத்தாய் திரும்பி வந்தாள். மருமகள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். போன நான்கையும் நினைத்தாளோ என்னவோ. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் கிழக்கு வெளுக்கும் முன்னே எழுந்தாள். கலயம் ஒவ்வொன்றுக்கும் முந்தின இரவே தன் கையால் சுண்ணாம்பு தடவி சுயம்புவிடம் கொடுத்திருந்தாள். பதநீர் வந்தது. தீ மூட்டக்கூடாது என்ற விடிலியில் தீ மூட்டினாள். தாச்சியை ஏற்றினாள். பக்கத்தில் மூன்று கல்லைக் கூட்டி இன்னொரு சின்ன அடுப்பு வைத்தாள். அதில் களி கிண்டினாள். பிறகு வெளியே வந்து ஊர் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டாள்.

"ஏ பிச்சைக்கனி! வாளா! எல்லாரும் வாங்க! நான் திங்கப்போறேன், வந்து பாருங்க!"

வந்தார்கள். அன்னத்தாய் வலது கையில் துடுப்பைப் பிடித்துக் கிண்டினாள். இடது கையால் களியை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். முழுங்கினாள். தாச்சிக்கு நேரே குனிந்து, தின்ற வாயால் 'பூ' என்று ஊதினாள். பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்களாம். எதற்குக் காதைப் பொத்தினார்கள், தெரியாது.

"இளகினா இருபத்தெட்டுப் பனையையும் ஊருக்கு எழுதிக் குடுத்துட்டு நாங்க மூணு பேரும் போயிருதோம். உறைஞ்சா எவளும் இனி இந்த ஊர்ல வெறும் வயித்தோட தாச்சி முன்னாடி உக்காரக்கூடாது. சம்மதமா?"

அவள் கிண்டினாள், தின்றாள். கிண்டினாள், தின்றாள். வெயில் ஏறியது. நுரை எழுந்தது, ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டாள், அடங்கியது. ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. உச்சி தாண்டியது. பாகு கனத்தது. ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டாள். விரலால் தொட்டாள். சிரட்டைகளில் ஊற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

ஆறியது. ஒரு சிரட்டையைக் கவிழ்த்துத் தரையில் தட்டினாள். கருப்பட்டி முழுசாக வந்து விழுந்தது. கல் மாதிரி.

அன்னத்தாய் களிச் சட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். சந்தனக்கனியைத் தூக்கி மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"உறைஞ்சிட்டுட்டி. வாயைத் தொற."

திறந்தாள். நெல்லிக்காய் அளவு ஒரு உருண்டை. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. தங்கியது.

அன்னத்தாய் வெளியே வரும்போது பிச்சைக்கனி வாசலில் நின்றாள். கூட்டம் கலைந்த பிறகும் அவள் போகவில்லை. குனிந்த தலை நிமிரவில்லை.

"மைனி, எனக்கும் ஒரு உருண்டை குடுங்க."

"உனக்கெதுக்கு?"

"எனக்கும் மூணு போயிருக்குல்லா."

அன்னத்தாய் திட்டவில்லை. சட்டியோடு அவள் கையில் கொடுத்தாள்.

ஐப்பசி மழையில் சந்தனக்கனிக்குப் பெண் பிறந்தது. மாடத்திதான் எடுத்தாள். சுயம்பு அதற்கப்புறம் கள்ளைத் தொடவில்லை என்பார்கள். துடுப்பு வீட்டிலேயே இருந்ததே, எப்படித் தொடுவான்?

இப்போதும் அந்தப் பக்கம் போனால் பாருங்கள். எந்த விடிலியிலும் பெரிய அடுப்புக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு அடுப்பு இருக்கும். முதலில் அதில்தான் தீ. அதில் வெந்ததைக் காய்ச்சுகிறவள் தின்ற பிறகுதான் தாச்சி ஏறும். புதுமருமகள் வந்தால் மூன்று மாதம் உளுந்தங்களி, அவள் புருசனுக்கும் ஒரு உருண்டை. அந்தச் சின்ன அடுப்புக்கு மசக்கை அடுப்பு என்று பேர். மருத்துவச்சி சொல்லி வந்தது என்று சிலர் சொல்வார்கள். சுயம்பு உண்மையைச் சொன்னதால் வந்தது என்று அவன் வழி ஆட்கள் சொல்வார்கள். இரண்டு பேரும் சொன்னார்கள், அவ்வளவுதான். ஊர் பார்க்க உட்கார்ந்து தின்றவள் அன்னத்தாய்.