மாதுளையடியில் புதைத்த முடி

கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் ஆசனத்தில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். நடுவில் ஐந்து வயது மகள். தலசீமியாவுக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்றும் பிள்ளை என்று அவர்களின் கதையில் விளங்கியது.

“மகள் பொறந்து ஏழாம் நாள் மழிச்ச முடிய எங்க பொதச்சீங்க?” என்று தாய் திடீரெனக் கேட்டாள்.

“மாதுளையடியில. இப்ப ஏன் அது?”

“முடி வேர்ல இருக்கிற தோலால ரத்தம் செய்யேலுமாம். வெளிநாட்டில பாக்கிறாங்களாம். ஃபோன்ல வாசிச்சன்.”

“அது சவரக்கத்தியால எடுத்த முடி. அதில வேர் எப்படி வரும்?”

“அப்ப இப்ப தலையில இருக்கிறது?”

“அதுவும் அவள்டதானே. அதிலயும் அந்த நோய்தான் இருக்கும்.”

“அப்ப என்டதுல எடுக்கட்டும். உங்கட தலையிலதான் ஒண்டுமில்லையே.”

மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

“நம்ம ரெண்டு பேர்ட்டயும் இருந்ததுதான் புள்ளைக்குச் சேர்ந்து வந்ததெண்டு டொக்டர் சொன்னாரே. மறந்திட்டியா?”

அவள் மகளுக்குத் தலை சீவத் தொடங்கினாள். நான் என் மடியில் தூங்கிய மகனைப் பார்த்தேன். கலியாணத்துக்கு முன் நாங்கள் இரத்தம் சோதித்துப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியடியில் பஸ் நின்றது. சீப்பில் சிக்கிய முடியை ஜன்னலால் எறியப் போனவள், எறியாமல் லேஞ்சித் துணியில் முடிந்துகொண்டு இறங்கினாள்.