பன்னிரண்டால் வகுத்தேன்

தேநீருக்கு நன்றி, மேடம். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான். பரவாயில்லை, இன்று எனக்கு நிறையப் பேச வேண்டியிருக்கிறது. என் வாக்குமூலத்தை நீங்கள் மெதுவாகவே எழுதுங்கள். எதையும் மறைக்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

நிறுவனங்களுக்கு நிதி ஆலோசனை சொல்வது என் தொழில். இருபத்தாறு வருடமாகச் செய்கிறேன். யார் எதிரில் வந்து உட்கார்ந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்குப் பணம் எப்போது வருகிறது? மருந்துக்கடைக்காரருக்குத் தினமும் வரும். நோய்க்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பள்ளிக்கூடம் நடத்துகிறவருக்குப் பாடம் தொடங்குவதற்கு முன்பே வந்துவிடும். கப்பல் கட்டுகிறவர் மூன்று வருடம் காத்துக் கிடக்க வேண்டும். எவ்வளவு கடன் வாங்கலாம், கையில் எவ்வளவு வைத்துக்கொள்ள வேண்டும், தொழிலைப் பெருக்குவதா, இருக்கிற இடத்தில் இருப்பதா, எல்லாமே அந்தப் பதிலைப் பொறுத்தது. ஒருவருக்குத் தைத்த சட்டையை இன்னொருவருக்கு மாட்டக் கூடாது. வங்கி மேலாளர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது இதைச் சொன்னால் கைதட்டுவார்கள்.

என் அண்ணன் குடை செய்கிறவன். அப்பா ஆரம்பித்த தொழிற்சாலை, நூற்றுப்பத்துப் பேர் வேலை பார்த்தார்கள். வருட விற்பனையில் பத்தில் ஒன்பது பங்கு மழைக்காலத்து மூன்று மாதத்தில் முடிந்துவிடும். மற்ற ஒன்பது மாதமும் தைத்துத் தைத்துக் கிடங்கில் அடுக்க வேண்டியதுதான். அந்த ஒன்பது மாதக் கூலியை மழை முடிந்த கையோடு தனியாக வங்கியில் போட்டுவிடுவது அப்பா காலத்து வழக்கம். ‘வெயில் பணம்’ என்பார்கள். தலை போகிற காரியம் என்றாலும் அதை யாரும் தொட மாட்டார்கள். கடன் என்று ஒரு சல்லிக்காசு கிடையாது.

என் வீட்டுக்காரர் அங்கேதான் தையல் இயந்திரங்களைப் பழுது பார்த்தார். பத்தொன்பது வருடம். ஆறு வருடத்துக்கு முன் அவருக்கு இதயத்தில் வால்வு கெட்டுப்போனது. முன்பணம் கட்டினால்தான் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்போம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். நேரே அண்ணனிடம் போனேன். அவர்கள் கேட்ட தொகையைப் போல ஏழு மடங்கு அன்றைக்கு வெயில் பணத்தில் இருந்தது.

“பாப்பா, அது நூத்திப்பத்துப் பேரோட கூலி. மழை வர இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. அதுல கை வெச்சா நாளைக்கு அவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? காரை வித்துத் தரேன். ஒரு பத்து நாள் பொறுத்துக்க.”

அவர் எட்டாம் நாள் போய்விட்டார். ஒன்பதாம் நாள் அண்ணன் பணத்தோடு வந்து வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். எனக்கு வயிறு எரிந்தது, மேடம். இன்னமும் எரிகிறது. கூடப் பிறந்தவளைவிடத் தையல்காரர்களின் முகம் அவனுக்குப் பெரிதாகப் போய்விட்டது.

மூன்று வருடம் அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. பிறகு அவனாகவே என் அலுவலகத்துக்கு வந்தான். புதிதாக ஒருவர் பெரிய தொழிற்சாலை போட்டு, பாதி விலைக்குக் குடை விற்க ஆரம்பித்திருந்தார்.

“நீதான் கணக்குப்புலி ஆச்சே, ஒரு வழி சொல்லு பாப்பா. நீ சொன்னா கண்ண மூடிக்கிட்டு செய்வேன்.”

என்னிடம் ஆலோசனை கேட்கிற ஒரு மருந்துக்கடைக்காரரின் கணக்குக் கோப்பை எடுத்து அவன் முன் விரித்தேன். ஒருவர் கோப்பை இன்னொருவருக்குக் காட்டுவது முறையில்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று கடை வைத்திருந்தவர், இன்று நாற்பது. போட்ட முதலில் முக்கால்வாசி கடன்.

“பாத்தியா அண்ணே, இவரு எப்படி வளந்திருக்காரு? உன் பணம் என்னடான்னா வங்கியில கொறட்டை விட்டுத் தூங்குது.”

நான் சொன்னதில் ஒரு பொய் கிடையாது. அவர் தினமும் விற்கிறார், நீ மூன்று மாதம்தான் விற்கிறாய் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன். பிறந்ததிலிருந்து குடைகளுக்கு நடுவில் வளர்ந்தவன், அவனுக்கே தெரிந்திருக்க வேண்டாமா?

வெயில் பணம் முழுவதையும் புதுக் கட்டடத்தில் போட வைத்தேன். இயந்திரங்களுக்கு வங்கிக் கடன், மாதத் தவணை. மாதா மாதம் என்ன வருமானம் என்று வங்கியில் கேட்டார்கள். வருட விற்பனையைப் பன்னிரண்டால் வகுத்தேன். பார்க்க இயல்பாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு மாதத்திலும் கொஞ்சம் ஏற்றி இறக்கி எழுதினேன். என் வகுப்பில் கைதட்டிய மேலாளர்தான் ஒப்புதல் கொடுத்தார். என் பெயரைப் பார்த்த பிறகு அவர் வேறு எதையும் பார்க்கவில்லை. உங்கள் கையில் இருப்பது அந்தத் தாள்தான். அடியில் இருப்பது என் கையெழுத்து.

முதல் வருடம் எப்படியோ ஒப்பேற்றிவிட்டான். இரண்டாம் வருடம் மழை ஏழு வாரம் தாமதமாக வந்து, இரண்டே வாரத்தில் போய்விட்டது. தவணை தேதி தவறாமல் வந்தது. கூலி நின்றது. அண்ணன் மறுபடியும் வந்தான். பாதியாக இளைத்திருந்தான்.

“புது மெஷினையெல்லாம் வித்துக் கடனை அடைச்சிடறேன் பாப்பா. எனக்குப் பழைய கொட்டகையே போதும். மானத்தோட பொழச்சுக்கறேன்.”

சரியான முடிவு. என் வகுப்பில் யாராவது அதைச் சொல்லியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். அன்றைக்கு நான் ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தொழிற்சாலை இன்று ஓடிக்கொண்டிருக்கும்.

“பயந்தாங்கொள்ளி மாதிரி பேசாத அண்ணே. வீட்டை அடமானம் வெச்சுச் சமாளி. ஒரே ஒரு மழை, எல்லாம் சரியாயிடும்.”

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

தொழிற்சாலைக்கு வங்கி பூட்டுப் போட்ட அன்றைக்கே அவன் வாசலில் சுருண்டு விழுந்தான். இடது பக்கம் செயல் இல்லை. பேச்சும் போய்விட்டது. வீடும் ஏலத்தில் போக, இப்போது இரண்டு அறை வாடகை வீட்டில் கிடக்கிறான். தினமும் சாயங்காலம் போய் நான்தான் ஊட்டிவிடுகிறேன். வைத்தியச் செலவு முழுக்க என்னுடையது. இருப்பதிலேயே நல்ல மருத்துவராகப் பார்த்து வைத்திருக்கிறேன்.

“நீ மட்டும் இல்லேன்னா நாங்க நடுத்தெருவுல நின்னிருப்போம்மா” என்று அண்ணி வாய்க்கு வாய் சொல்கிறாள்.

அவன் சாகக் கூடாது, மேடம். பழைய தையல்காரர்கள் ஒவ்வொருவராக அவனைப் பார்க்க வருகிறார்கள். சிலர் திட்டுகிறார்கள், சிலர் சும்மா நிற்கிறார்கள். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பப் பார்ப்பான், முடியாது. கழுத்துக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைப்பேன். அந்த முகங்களில் அவன் நன்றாக விழிக்கட்டும்.

இவ்வளவுதான். ஓ, இந்த இன்னொரு தாளையும் எடுத்துவிட்டீர்களா? இது என்னுடைய வைப்புக் கணக்கு, ஆறு வருடத்துக்கு முந்தையது. ஆமாம், அந்த மாதம் பணம் இருந்தது, மருத்துவமனை கேட்டதைப் போல இரண்டு மடங்கு. ஆனால் முதிர்வுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்ததே. நடுவில் உடைத்தால் வட்டியில் பெரும்பகுதி போய்விடும். அண்ணன் பணமோ சும்மா கிடந்தது. எந்த ஆலோசகரைக் கேட்டாலும் சும்மா கிடக்கிற பணத்தைத்தான் முதலில் எடுக்கச் சொல்வார். ஆறாம் நாள் என் வீட்டுக்காரர்கூடக் கேட்டார், “அந்த டெபாசிட்டை உடைச்சா என்னம்மா?” என்று. மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். “சும்மா இருங்க, அண்ணன் தருவான்” என்றேன்.

அண்ணன்தான் அவரைக் கொன்றான், அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். வைப்புப் பணத்தை ஏழு மாதம் கழித்து எடுத்தேன், வட்டி ஒரு காசு குறையவில்லை.