சத்தம் போடாத டிஸ்க்

— சார், இதுவும் சத்தம் போடுதுன்னு சொன்னீங்கன்னா நான் கடைய மூடிட்டு வேற பொழப்பு பாக்கணும். ஏற்கெனவே ரெண்டு டிஸ்க்க திருப்பி எடுத்துகினு போயிட்டேன்.

— கோவிச்சுக்காதீங்க தீனதயாளன். அதாவது, குறை சொல்லணும்னு நான் சொல்லல. சத்தம் இருக்கு. இருக்கறதை இருக்குன்னுதானே சொல்ல முடியும்?

— கோவம்லாம் இல்ல சார். கோவம் இருந்தா செங்கல்பட்டுல கடைய பூட்டிகினு, ட்ரெயின்ல நின்னுகினே கூடுவாஞ்சேரி வந்து உங்க வூட்டுப் படி ஏறுவேனா? அம்மா, நீங்களாச்சும் சொல்லுங்கம்மா. நீங்களும் இந்த வூட்லதான கீறீங்க? கம்ப்யூட்டர்ல சத்தம் வருதா?

— எனக்கு ஒண்ணும் கேக்கலப்பா.

— அவளைக் கேக்காதீங்க. அமிர்தத்துக்குக் குக்கர் விசிலே கேக்காது. அடி பிடிச்சு வாசனை வந்தாத்தான் அடுப்படிக்குப் போவா.

— நல்லா இருக்கு போங்க. நீங்க பாடம் படிக்க உக்காந்தா இந்த வீட்டுல குக்கரே வைக்கக் கூடாது. மிக்ஸி ஓட்டக் கூடாது. ஃபேன் சுத்தக் கூடாது. ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டிக்கிட்டு உள்ள வேர்த்து ஊத்த உக்காந்திருக்கீங்க. இதுல என் காதைச் சொல்றீங்க. இந்தாப்பா தம்பி, காப்பியை எடுத்துக்கோ.

— குடுங்கம்மா. காலைல நாஸ்தாகூட துன்னல. இன்னா பாடம் சார்? இத்தினி தபா வந்தீங்க, நான் கேக்கவே இல்ல பாரு. ட்யூஷனா?

— ட்யூஷன் இல்ல. கண்ணு தெரியாத பசங்க பரீட்சைக்குப் படிக்கணும் இல்லையா? புத்தகத்தை நாம சத்தமா வாசிச்சு, பதிவு பண்ணிக் குடுத்தா, அவங்க கேட்டுக் கேட்டு மனசுல ஏத்திக்குவாங்க. மதுராந்தகத்துல சிநேகான்னு ஒரு பொண்ணு. குரூப் ஃபோர் எழுதப் போறா. அவளுக்குத்தான் வரலாறு வாசிச்சிட்டு இருந்தேன். வெயில் காலம் பூரா வாசிச்சது அந்தப் பழைய டிஸ்க்கோட போயிடுச்சு.

— அடப்பாவமே. டக்கு டக்குன்னு அடிச்சிகினு கெடந்துச்சே, அதுவா? அதுல இதான் இருந்துச்சா? நான் கல்யாண போட்டோ, பேரப்புள்ள போட்டோன்னு நெனச்சிகினு இருந்தேன் சார்.

— போட்டோ போனா போகட்டும்னு விட்டிருப்பேன். இது அவளோட படிப்பு.

— திரும்ப எல்லாத்தையும் வாசிச்சு முடிச்சாச்சுப்பா. அதைச் சொல்லுங்க மொதல்ல. தொண்டை கட்டி, கஷாயம் குடிச்சுக் குடிச்சு, ஒரு பாடம் பாக்கி இல்லாம வாசிச்சு, பென் டிரைவ்ல ஏத்தி வெச்சாச்சு. ஆனா அனுப்ப மாட்டேங்கறார். பரீட்சைக்கு மாசம்கூட இல்ல. அந்தப் பொண்ணு தினம் கேக்குது, நான் தினம் ஒரு பொய் சொல்றேன்.

— எப்படி அனுப்பறது? நான் பேசறதுக்குப் பின்னாடி ஊசி மாதிரி ஒரு விசில் அடிச்சிட்டே இருக்கு. கண்ணு தெரியாத பிள்ளைக்குக் காதுதான் எல்லாம். நமக்குப் புத்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் மை கொட்டியிருந்தா படிப்போமா? அந்த மாதிரிதானே இது?

— மொதப் பாடத்தை அனுப்பினப்போ அவளே சொன்னாளே, சார், சத்தமே இல்ல, சுத்தமா இருக்குன்னு.

— மரியாதைக்குச் சொல்லுவா அமிர்தம். சும்மா வாங்கிக்கறவங்க குறை சொல்ல மாட்டாங்க. அது நல்ல பிள்ளை.

— ரைட்டு சார். இப்போ இன்னா பண்ணலாம்னு பாப்போம். மூணு எடுத்தாந்துகீறேன். இது நீங்க வேணாம்னு குடுத்ததே. வேகமா சுத்தும், கொஞ்சம் சத்தம் இருக்கும், நான் இல்லன்னு சொல்லல. இது மெதுவா சுத்துறது. கடைங்கள்ல கேமரா மாட்டுறாங்கல்ல, அதுக்குப் போடுறது. ராத்திரி பகலா ஓடும், சூடாவாது. மூணாவது எஸ்எஸ்டி. இதுக்குள்ள சுத்துறதுக்கு ஒண்ணுமே இல்ல சார். பென் டிரைவுக்குப் பெரியண்ணன், அவ்ளோதான். நான் மொதல் நாளே இதத்தான் சொன்னேன்.

— நீங்க சொன்னீங்க. நான்தான் வேணாம்னேன். அதாவது, என்கூட வேலை பாத்த ஒருத்தர் இதைத்தான் போட்டார். ஒரு நாள் காலையில பாத்தா ஒண்ணும் இல்ல. ஒரு முனகல் கிடையாது. சுத்தற டிஸ்க்குன்னா போறதுக்கு முன்னாடி கத்தும். பேரிங் தேயுதுன்னா காது சொல்லிடும். கல்பாக்கத்துல எங்க வேலையே அதுதான். பம்ப்பு ஓடும்போது ஸ்க்ரூ டிரைவர் முனையை மேல வெச்சு, கைப்பிடியைக் காதுல வெச்சுக் கேப்போம். மீட்டர் காட்டறதுக்கு முன்னாடி நான் சொல்லிடுவேன், இது இன்னும் ஒரு வாரம்தான்னு. தப்பினதே இல்ல.

— அப்போ சத்தமும் போடணும், சத்தமும் போடக் கூடாது. இன்னா சார், பேஜாரு புடிச்ச கேஸா கீதே!

— இதைத்தான் நான் பொழுதுக்கும் சொல்றேன். நாலு தலைமுறை வாழ்ந்த வீட்டுக்குப் பொண்ணு பாக்கற மாதிரி ஒரு பெட்டிக்கு டிஸ்க்கு பாக்கறாருப்பா.

— நீ கொஞ்சம் சும்மா இரு அமிர்தம். எனக்கே அலுத்துப்போச்சு. ராத்திரி படுத்தாக்கூட அந்த விசில் மண்டைக்குள்ளயே நிக்குது. தூக்கமே இல்ல. நான் என்ன, விளையாட்டுக்கா இவரை அலைய விடறேன்?

— இருங்க சார், சண்டை வேணாம். நான் சொல்றத கேளுங்க. ஓட்டுறதுக்கு எஸ்எஸ்டி போடுவோம். சத்தம் வராது. காப்பி வெக்கிறதுக்கு மெதுவா சுத்துறத வெச்சிக்கங்க. வாரத்துக்கு ஒரு தபா கேபிள சொருகி எல்லாத்தையும் ஏத்திட்டு, கழட்டி பீரோல வெச்சிடுங்க. ஒண்ணு போனா இன்னொண்ணு கீது. பீரோல தூங்குறது எப்டி சத்தம் போடும்? ரைட்டா?

— ம். அது நல்ல யோசனையா இருக்கு. இதை ஏன் மொதல்லயே சொல்லல?

— நீங்க பேச வுட்டாதான சார்!

— இருப்பா, போன் அடிக்குது. அந்தப் பொண்ணுதான். ஹலோ, சொல்லும்மா சிநேகா. சாப்ட்டியா? ம். சார் இங்கதான் இருக்கார், கம்ப்யூட்டர்க்காரர் வந்திருக்கார்மா. ஆமா, இன்னிக்கு எப்படியும் சரி பண்ணிடுவாங்க. இல்லம்மா, நீ தொந்தரவு பண்ணல. அப்படியெல்லாம் நினைக்காதே. இப்போ யாரு, பக்கத்து வீட்டுப் பொண்ணு வாசிச்சுக் காட்டுதா? அதுக்கும் வேலை இருக்குமேம்மா. சரி. சரிடா. நான் சொல்றேன் சார்கிட்ட. வெச்சுடு.

— என்ன சொன்னா?

— சத்தத்தோடயே அனுப்பச் சொல்லுங்க ஆன்ட்டி, எனக்குப் பரவால்லன்னு சொல்றா. அழற மாதிரி இருந்துச்சு குரல்.

— பாத்தீங்களா தீனதயாளன்? பரவால்லங்கறா. அப்போ சத்தம் இருக்குன்னுதானே அர்த்தம்?

— உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியாதுங்க.

— சார், ஒண்ணு பண்ணுவோம். நீங்க அப்டி செவுத்தப் பாத்து உக்காருங்க. கண்ணையும் மூடிக்கங்க. நான் கேபினெட்ட தொறந்து வெச்சிகினு, ஒண்ணு ஒண்ணா கரெண்ட் குடுக்குறேன். எது எதுன்னு சொல்ல மாட்டேன். எது நல்லாகீதுன்னு உங்க காதே சொல்லட்டும். அத மாட்டிட்டு நான் கெளம்பிடுறேன். அப்பால திருப்பிக் குடுக்கக் கூடாது.

— சம்மதம். இதுதான் முறையான டெஸ்ட்டு. அமிர்தம், மேல ஃபேனை நிறுத்து.

— நிறுத்தியாச்சு. இனிமே மூணு பேரும் வேகணும்.

— மொதல் ஐட்டம். சொல்லுங்க சார்.

— இது வேகமா சுத்தறது. நான் திருப்பிக் குடுத்தது. கேபினெட் தகரமே கூட சேந்து அதிருது. அதுக்கு மேல அந்த விசில்.

— கரெக்டு சார். இன்னா காது உங்களுக்கு! இப்போ ரெண்டாவது.

— இது மெதுவா சுத்தறது. அந்த ஸ்க்ரூ டிரைவரைக் குடுங்க. கண்ணைத் தொறக்கல, கையில குடுங்க. முனையை நீங்களே டிஸ்க்கு மேல வெச்சுப் பிடிங்க. ம். நல்ல பேரிங். பால் கொதிக்கற சத்தம்கூட இல்ல. இதை நம்பலாம், பல வருஷம் ஓடும். ஆனா விசில் இதுலயும் இருக்கே.

— இதுலயுமா? நான் காத உள்ளயே வுட்டுகினு கீறேன் சார், எனக்குக் கேக்கல. ரைட்டு, வுடுங்க. மூணாவது.

— இது... சுத்தற சத்தம் இல்ல. எஸ்எஸ்டியா?

— நான் சொல்ல மாட்டேன் சார்.

— எஸ்எஸ்டிதான். கேபினெட் ஃபேனோட ஹம்மு மட்டும் தனியா கேக்குது. ஆனா, தீனதயாளன், மன்னிச்சுக்கோங்க. இதுலயும் விசில் வருது.

— சார், இதுல சுத்துறதுக்கே ஒண்ணும் இல்ல சார்!

— எலெக்ட்ரானிக்ஸ்ல வரும். கம்பி சுத்தின காயில்ல வரும். நான் இல்லாததைச் சொல்ல மாட்டேன்.

— பவர் சப்ளையா இருக்குமோ? இருங்க, பாத்துடுவோம். அம்மா, நீங்க அந்த செவுத்தாண்ட போய் நில்லுங்க. நான் கைய காட்டுறப்போ... ஆங், அதேதான். சார், நீங்க கண்ணைத் தொறக்காதீங்க.

— தொறக்கல.

— இப்போ சொல்லுங்க சார். எப்டி கீது?

— ஃபேன் ஹம்மு நின்னுபோச்சு. ஃபேனைக் கழட்டிட்டீங்களா? நல்ல காரியம். இப்போதான் தெளிவாக் கேக்குது. விசில் மட்டும் தனியா நிக்குது பாருங்க. இத்தனை நாள்ல இதுதான் மோசம். எந்த டிஸ்க்கு இது? நாலாவதா ஒண்ணு வெச்சிருக்கீங்களா?

— சார்.

— சொல்லுங்க.

— கண்ணைத் தொறந்து இப்டி திரும்புங்க சார்.

— ஏன் ஸ்க்ரீன் கருப்பா இருக்கு?

— அம்மா அப்பவே செவுத்து சுவிச்ச ஆஃப் பண்ணிட்டாங்க சார். பிளக்க நான் கையிலயே வெச்சிகினு கீறேன். இங்க பாருங்க. பெட்டில ஒண்ணுமே ஓடல.

— யூபிஎஸ்?

— அது போன வாரமே கடைக்கு வந்துடுச்சி சார். பேட்டரி மாத்த நீங்கதான் குடுத்தீங்க.

— அப்போ பக்கத்து வீட்டுல ஏதாவது... மோட்டார் போட்டிருப்பாங்க. தண்ணி மோட்டார்.

— அவங்க மோட்டாரைக் காலையிலயே நிறுத்திட்டாங்க.

— எனக்கு இப்பவும் கேக்குது அமிர்தம்.

— தெரியுதுங்க.

— காதைப் பொத்தினா இன்னும் ஜாஸ்தியாக் கேக்குது.

— சார், தண்ணி குடிங்க சார். இது நெறையப் பேருக்கு வரதுதான். எங்க நைனாவுக்கும் வந்துச்சு. டாக்டராண்ட காட்டினா...

— நான் இந்தக் காதைத்தானே நம்பிட்டு இருந்தேன், தீனதயாளன். மீட்டரை நம்ப மாட்டேன், ஆளை நம்ப மாட்டேன், இதை நம்புவேன். அந்தப் பொண்ணு நெசத்தைச் சொல்லியிருக்கா. நான் மரியாதைக்குச் சொல்றான்னு நினைச்சேன். உங்களை மூணு தடவை அலைய விட்டேன். இவகூட எத்தனை சண்டை!

— அலைச்சல் கெடக்குது சார். அத வுடுங்க.

— ரெண்டு பேரும் ஒரு தடவை கேளுங்க. நல்லா அமைதியா இருந்து கேளுங்க. சன்னமாக்கூடவா இல்ல?

— எனக்கு இல்ல சார். பொய் சொல்லி இன்னா ஆவப்போவுது.

— அமிர்தம்? உனக்கும் இல்லதானே?

— கேக்குதுங்க.

— இன்னாம்மா, இப்போதான நீங்க ஒண்ணும் கேக்கலன்னு...

— நீ எஸ்எஸ்டியை மாட்டுப்பா. கேக்குதுங்க, எனக்கும் ரொம்ப நாளாக் கேக்குது. அந்தப் பொண்ணுக்குப் பாடத்தை அனுப்பிட்டு சட்டையை மாத்திக்கிட்டு வாங்க, ரெண்டு பேருமாப் போய்க் காதைக் காட்டிட்டு வரலாம்.