இடப்பக்கப் பாத்தி

பார்கவி: அந்தக் கருவியை எதுக்கு சார் துணி போட்டு மூடறீங்க? வெயில் இன்னும் நல்லா அடிக்குதே.

சுந்தரமூர்த்தி: அடிக்கட்டும். இனிமே இது பாத்து ஆகப்போறது ஒண்ணுமில்ல. அந்த ஸ்க்ரூடிரைவரை எடு.

பார்கவி: கழட்டவே போறீங்களா?

சுந்தரமூர்த்தி: நாளைக்குக் காலைல டெல்லிக் கமிட்டி மாடிக்கு வரும்போது இது பெட்டிக்குள்ள இருக்கணும். கருவி பழுதுன்னு சொல்லிடறேன். ஸ்டோர் ரூமுக்குப் போகும். ப்ராஜெக்ட்டும் பின்னாலயே போகும்.

பார்கவி: நாலு வருஷமா நீங்க பாத்துப் பாத்துக் கட்டினது...

சுந்தரமூர்த்தி: லென்ஸுக்கே ஒரு வருஷம் காத்துக் கிடந்தேன். எனக்கு நீ ஞாபகப்படுத்த வேண்டாம்.

பார்கவி: எதை வெச்சு சார் பழுதுங்கறீங்க?

சுந்தரமூர்த்தி: இந்தச் சுவரோரமா வா. கீழ ரெண்டு கடலைப் பாத்தி தெரியுதா?

பார்கவி: தெரியுது.

சுந்தரமூர்த்தி: வலப்பக்கம் தண்ணியே விடாம நாமளாக் காயப்போட்டது. இடப்பக்கம் தெனமும் தண்ணி விடறது. எது வாடியிருக்கு?

பார்கவி: வலப்பக்கம்தான்.

சுந்தரமூர்த்தி: இடப்பக்கம்?

பார்கவி: பச்சையா... இருக்கு.

சுந்தரமூர்த்தி: நமக்குத் தெரியுது. இந்த மகராசன் என்ன சொல்றான்? ரெண்டு பாத்தியும் தவிக்குதாம்.

பார்கவி: சார், வர்றவங்களுக்கெல்லாம் நீங்கதானே சொல்வீங்க? இலை வெயிலை வாங்கி, அதுல துளியூண்டை மங்கலான சிவப்பா திருப்பி விடும், அது நம்ம கண்ணுக்குத் தெரியாது...

சுந்தரமூர்த்தி: சொல்வேன்.

பார்கவி: தண்ணியில்லாம இலை உள்ளுக்குள்ள வேலையைக் குறைச்சா அந்த மினுக்கமும் குறையும். இலை வாடறதுக்கு முன்னாடியே கருவி மாடியில இருந்து கண்டுபிடிச்சிடும்னு...

சுந்தரமூர்த்தி: தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதுக்கென்ன இப்ப?

பார்கவி: அப்புறம் கண்ணுக்குப் பச்சையா இருக்குன்னு கருவியைத் தப்பு சொன்னா எப்படி?

சுந்தரமூர்த்தி: வாய் நீண்டு போச்சு உனக்கு. தண்ணி விட்ட பாத்தி எதுக்கும்மா தவிக்கணும்?

பார்கவி: ஸ்க்ரூடிரைவர் இந்தப் பெட்டியிலயா சார் இருக்கு?

சுந்தரமூர்த்தி: நம்ம தோட்டக்கார மாலி கல்யாணத்துக்கு லீவு போட்டுட்டுப் போனதுல இருந்து நாமதானே முறை வெச்சு விடறோம்? திங்கள், புதன், வெள்ளி உனக்கு. மத்த நாளு எனக்கு. விட்டோமில்ல?

பார்கவி: ம்... விட்டோம்.

சுந்தரமூர்த்தி: அப்ப பொய் சொல்றது கருவிதான்.

பார்கவி: லென்ஸுல தூசி இருக்கும். துடைச்சுப் பாத்தா...

சுந்தரமூர்த்தி: துடைச்சாச்சு.

பார்கவி: வேற எதையாவது காட்டிப் பாத்தீங்களா?

சுந்தரமூர்த்தி: பக்கத்து கர்னல் வீட்டு மாமரத்தைக் காட்டினேன். நல்லா இருக்குன்னுது.

பார்கவி: மாமரம் நல்லாத்தானே இருக்கு?

சுந்தரமூர்த்தி: நல்லாத்தான் இருக்கு. கர்னல் தெனம் தண்ணி விடறாரு.

பார்கவி: அரே சார்... அப்ப பழுதே இல்லையே.

சுந்தரமூர்த்தி: நீ சின்னப் பொண்ணு. இந்த ஆபீஸ் உனக்குத் தெரியாது. மிஷின் தப்புன்னா ஒரு கையெழுத்தோட போயிடும். மனுஷன் தப்புன்னா விசாரணை. எங்க போன, எதுக்குப் போனன்னு குடைஞ்சு எடுத்துருவாங்க. மிஷினை யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்க பாரு.

பார்கவி: அதுக்காக...

சுந்தரமூர்த்தி: ஸ்க்ரூடிரைவர்.

பார்கவி: சார், நான் விடலை.

சுந்தரமூர்த்தி: எதை?

பார்கவி: தண்ணியை. இந்த ஒரு வாரமா என் முறை ஒண்ணுலகூட விடலை.

சுந்தரமூர்த்தி: ஏம்மா, சித்திக்கு உடம்பு சரியில்லை, சீக்கிரம் போகணும்னியே. ஒரு பைப்பைத் திறந்துட்டுப் போக...

பார்கவி: சித்தி நல்லா இருக்காங்க. விஷ்ராந்த்வாடி வீட்டுல உக்காந்து ஜவ்வரிசியில சாபுதானா வடை பொரிச்சிட்டிருக்காங்க.

சுந்தரமூர்த்தி: ஓ.

பார்கவி: விமான் நகர்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி சார். முதல்ல டெஸ்ட், அப்புறம் ரெண்டு இன்டர்வியூ. எல்லாம் சாயங்காலம். பஸ்ஸை விட்டா அவ்வளவுதான்னு ஓடிட்டேன். ஒரு நாள் விட்டா என்ன ஆகிடும்னு நினைச்சேன். அப்புறம் இன்னொரு நாள்...

சுந்தரமூர்த்தி: கிடைச்சுதா?

பார்கவி: கிடைச்சுது. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்...

சுந்தரமூர்த்தி: பாட்டனி படிச்ச பொண்ணு. கம்ப்யூட்டர்ல என்ன பண்ணுவ?

பார்கவி: அவங்களே சொல்லித் தருவாங்களாம். திட்டிடுங்க சார், பரவாயில்ல.

சுந்தரமூர்த்தி: திட்டி என்ன ஆகப்போகுது?

பார்கவி: நாளைக்குக் கமிட்டிகிட்ட நானே சொல்லிடறேன். தண்ணி விடாதது நான், கருவி சொன்னது நிஜம்னு. எப்படியும் போறவதானே, என்னை என்ன பண்ணிடுவாங்க? கருவி இங்கயே நிக்கட்டும்.

சுந்தரமூர்த்தி: வேண்டாம்.

பார்கவி: இதைவிட நல்ல சோதனை கிடைக்குமா சார்? நமக்கே தெரியாததை அது கண்டுபிடிச்சிருக்கு.

சுந்தரமூர்த்தி: அதனாலதான் வேண்டாங்கறேன்.

பார்கவி: புரியலை.

சுந்தரமூர்த்தி: புரிய வேண்டாம். உன் பேர் கெடக் கூடாது, அவ்வளவுதான்.

பார்கவி: என் பேருக்காகக் கருவியைப் பலி கொடுக்கறீங்களா? நம்பற மாதிரியா இருக்கு?

சுந்தரமூர்த்தி: நம்பாட்டிப் போ.

பார்கவி: இருங்க... நான் விடலை, சரி. செவ்வாய், வியாழன் நீங்க விட்டிருக்கீங்க. இது கரிசல் மண்ணு சார், ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி கிடைச்சாலே ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும்.

சுந்தரமூர்த்தி: பாட்டனி மறக்கலை போலிருக்கு.

பார்கவி: அப்புறம் எப்படி இவ்வளவு தவிக்கும்?

சுந்தரமூர்த்தி: வெயில் ஜாஸ்தி.

பார்கவி: சார்.

சுந்தரமூர்த்தி: இந்த ஸ்க்ரூவைப் பிடி.

பார்கவி: சனி, ஞாயிறாவது விட்டீங்களா?

சுந்தரமூர்த்தி: சனி, ஞாயிறு வீட்டுக் கதவைச் சாத்திட்டு கம்ப்யூட்டர்ல ஜாவா படிச்சேன்.

பார்கவி: ஜாவாவா?

சுந்தரமூர்த்தி: செவ்வாய்க்கிழமை டெஸ்ட், வியாழக்கிழமை இன்டர்வியூ. நீ போன அதே கம்பெனிதான்... வயசு நாப்பத்தாறுன்னதும் அந்தப் பொண்ணு பேப்பரை மூடி வெச்சுட்டு, ‘அங்கிள், சாய் சாப்பிடறீங்களா’ன்னு கேட்டா. உன்னை எப்பச் சேரச் சொல்லியிருக்காங்க?