மெட்ராஸ் விலாசம்

ரீத்தா: ...அப்ப நம்ம லாஞ்சு மெட்ராஸுக்குப் போயிருமா?

லூர்துநாதன்: லாஞ்சு எங்கயும் போவாது. இங்க அந்தமான்ல சாத்தம் ஜெட்டியிலதான் கெடக்கும். கம்பெனி மட்டும் மெட்ராஸ்ல பதியுதோம்.

ரீத்தா: கம்பெனின்னா லாஞ்சுதான?

லூர்துநாதன்: அது வேற, இது வேற. லே ஜம்பு, உன் மதினிக்கு வெளங்குற மாதிரி நீ சொல்லு.

ஜம்புலிங்கம்: எனக்கே வெளங்கலண்ணே. நாம ரெண்டு பேரு கூட்டு. லாஞ்சு இங்க. சரக்கு ரங்கத் ஊருக்குப் போவுது. இங்கயே பதிஞ்சா முடிஞ்சுது. நேத்து வரைக்கும் நீங்களும் அப்பிடித்தான சொன்னீங்க?

லூர்துநாதன்: நேத்து வேற.

ஜம்புலிங்கம்: அதுக்குள்ள என்னண்ணே ஆச்சு?

லூர்துநாதன்: வக்கீல் பாபு சொன்னாரு...

ஜம்புலிங்கம்: பாபு கல்கத்தான்னுல்ல சொன்னாரு!

லூர்துநாதன்: மொதல்ல கல்கத்தான்னாரு. பொறவு, சும்மா கூட்டுத்தான, இங்கயே போதும்னாரு. மெட்ராஸ் ஆவுமான்னு கேட்டேன். ‘ஹோ சக்தா ஹை’ன்னாரு.

ரீத்தா: எதக் கேட்டாலும் ஆவும்னா, அந்தாளுக்கு ஒண்ணும் தெரியலன்னு அர்த்தம்.

ஜம்புலிங்கம்: பக்கா மதினி! அண்ணே, மெட்ராஸ்ல ஒரு காயிதம் வந்தா, கப்பல் வந்தப்புறந்தான் நமக்குத் தெரியும். புயல் நேரத்துல அந்தக் கப்பலும் இல்ல.

லூர்துநாதன்: ராயபுரத்துல எம் மச்சான் இருக்கான்லா. வாங்கி வெப்பான்.

ரீத்தா: எங்கண்ணனா? பூசை பாதி முடிஞ்சப்பொறவு கோவிலுக்குப் போற ஆளு. நல்லா வாங்கி வெப்பான்!

லூர்துநாதன்: நீ சும்மா கெட. ஜம்பு, அடுத்த ஜஹாஜ்ல நீயும் நானும் போறோம். கையெழுத்துப் போடுதோம். திரும்பி வாறோம்.

ஜம்புலிங்கம்: நானா... நான் எதுக்குண்ணே?

லூர்துநாதன்: கூட்டாளி நேர்ல நிக்கணும்லா.

ஜம்புலிங்கம்: எனக்குக் கப்பல் ஒத்துக்காது. தல சுத்தும்.

ரீத்தா: தம்பி... ரங்கத் வரைக்கும் நம்ம லாஞ்ச ஓட்டுறது நீங்கதான?

ஜம்புலிங்கம்: அது சின்னதுல்ல மதினி. பெருசுன்னாத்தான் சுத்தும்.

ரீத்தா: பெருசு ஆடவே ஆடாதே!

லூர்துநாதன்: சரி, கல்கத்தான்னா வருவியா?

ஜம்புலிங்கம்: கல்கத்தான்னா... வருவேன்.

லூர்துநாதன்: அதுக்கும் கப்பல்தானலே போவணும்!

ஜம்புலிங்கம்: அது வேற கடல்ண்ணே.

ரீத்தா: மாதாவே! இவுகளுக்கு நேத்து வேற, உங்களுக்குக் கடல் வேற. எனக்குத்தான் கிறுக்குப் புடிக்கப் போவுது. இந்தாங்க, உள்ளதச் சொல்லுங்க. எங்கண்ணன் அனுப்புன ஆளு நேத்துக் கப்பல்ல வந்தாரே. அவரும் நீங்களும் ஜெட்டியில நின்னு என்ன குசுகுசுன்னு பேசுனீக?

லூர்துநாதன்: ...ஒண்ணுமில்ல.

ரீத்தா: சொல்லுங்கன்னா!

லூர்துநாதன்: நம்ம மவ ஞானசெல்விக்கு ஒரு எடம் வந்திருக்கு. ராயபுரத்துப் பையன். ஹார்பர்ல வேல.

ரீத்தா: நல்ல சேதிதான! அத ஏன் மறைக்கீக? அதுக்கும் கம்பெனிக்கும் என்ன?

லூர்துநாதன்: போன தடவ உங்கண்ணன் வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தவன் என்ன கேட்டான்? உங்கப்பாரு எந்தக் கொலைக்கு அந்தமான் வந்தாருன்னு கேட்டான்லா? நான் மீன் புடிக்க வந்தவன்டி! பாப்பா கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுட்டு அழுதுச்சே, மறந்துட்டியா? அதான் இந்தத் தடவ... கம்பெனி மெட்ராஸ்ல, லாஞ்சு மட்டும் அந்தமான்லன்னு சொல்லச் சொல்லிட்டேன்.

ரீத்தா: பதியறதுக்கு முந்தியேவா? ஏங்க, மூணு ஞாயிறு கோவில்ல கல்யாண ஓலை வாசிப்பாகளே. பொண்ணு எந்த ஊருப் பங்குக் கோவில்னு சாமியாரு சத்தமா சொல்லுவாரே. கம்பெனி மெட்ராஸ்னா பங்கும் மெட்ராஸா?

லூர்துநாதன்: ஓலை வாசிக்கிற வரைக்கும் போனாப் போதும்டி. அதுக்குள்ள அவுகளுக்கு நம்மளப் புடிச்சுப் போயிராதா? ஜம்பு, உன்னச் சித்தப்பான்னு கூப்புடுற புள்ளலே. அதுக்காவ ஒருக்கா வந்துட்டுப் போ.

ஜம்புலிங்கம்: இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லண்ணே.

லூர்துநாதன்: வெக்கமா இருந்துச்சுலே.

ஜம்புலிங்கம்: மெட்ராஸ்லயே பதிங்க.

லூர்துநாதன்: அப்ப வாறியா!

ஜம்புலிங்கம்: இல்லண்ணே. எம் பேர எடுத்துட்டு மதினி பேரப் போடுங்க. லாஞ்ச நான் எப்பவும் போல ஓட்டுறேன்.

ரீத்தா: என்ன பேச்சு தம்பி இது? ராவும் பகலுமா நின்னு கட்டுன லாஞ்சு, அதுல பாதி உங்களதுல்லா!

லூர்துநாதன்: எம்மேல கோவமாலே?

ஜம்புலிங்கம்: கோவமெல்லாம் இல்லண்ணே. தனுஷ்கோடில வேலை இருக்குன்னு சொல்லிட்டுத்தான் வீட்டவிட்டுக் கிளம்புனேன். அங்க வேலை கெடைக்கல, அப்பிடியே மெட்ராஸ் போயி இங்க வரக் கப்பலேறிட்டேன். மறுவாரம் புயல் வந்து அந்த ஊரையே கொண்டுபோயிருச்சு. போனவங்கள்ல நானும் ஒருத்தன்னு வீட்டுல காரியம் பண்ணிட்டாங்க. நான் ரங்கத் காட்டுல மரம் வெட்டிக்கிட்டுக் கெடந்தேன், சேதி வந்து சேர ஒரு வருஷமாச்சு. அதுக்குள்ள எம் பொஞ்சாதிய எந்தம்பி கட்டிக்கிட்டான். இப்ப மெட்ராஸ்லதான் இருக்காங்களாம், ஒரு பொம்பளப்புள்ள கூட இருக்குதாம். அந்த ஊரு ஆபீஸ்ல எம் பேரு இருக்க வேணாம்ண்ணே, அவ கழுத்துல கெடக்குற தாலி தப்புன்னு யாரும் சொல்லிறக் கூடாது. பாப்பா கல்யாணத்துக்கும் என்னக் கூப்புட்டுறாதீங்க.